இரும்பின் சாட்சியம்

மருந்து கொடுக்கும்போது எழ வேண்டிய கேள்விகள் இரண்டு. இம்மருந்து நோயைத் தீர்க்குமா என்பது ஒன்று. கொடுத்த மருந்து சேர வேண்டிய இடத்தைச் சென்று சேர்ந்ததா என்பது மற்றொன்று. முதற் கேள்வியை நோயாளியும் அவருடைய உறவினரும் கேட்பர். இரண்டாவது கேள்வியை மருத்துவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேதிப்பொருளான மருந்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது அரிதன்று. இரத்தத்திலும் சிறுநீரிலும் சிறிதளவு எடுத்துச் சோதித்தால், உட்சென்றது எவ்வளவு, தங்கியது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உயிருள்ள உயிரணுவே மருந்தாகத் தொடங்கியது. ஒருவருடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து மற்றொருவருடைய இரத்த நாளத்தில் செலுத்தும் முயற்சியின் முதல் விளைவுகளை அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்துறையில் ஆற்றிய பணிக்காக 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாளத்தில் செலுத்தப்படும் மஜ்ஜை உயிரணுக்கள் வழிகாட்டுவார் எவருமின்றித் தாமே எலும்பினுள் சென்று குடியேறுவதை மருத்துவ உலகம் வியப்போடு கண்டது.

உயிரணு என்னும் மருந்து சர்க்கரை போலக் கரைந்துவிடுவதன்று. அது நகரும், தங்கும், பெருகும், இறக்கும். மனித உடலில் ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பர். அந்தப் பெருங்கூட்டத்தினுள் சில இலட்சம் புதிய உயிரணுக்களை அனுப்பிவிட்டு, அவை இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டால் விடை கூறுவார் யார்? உடலைத் திறந்து பார்த்தால் தெரியக்கூடும். ஆய்வுக்கூடத்து எலியின் உடலை அவ்வாறு திறக்கலாம். நோயாளியின் உடலைத் திறக்க முடியாது.

இந்த இடத்தில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டதுதான் இரும்பு. கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகளை உயிரணுவினுள் ஏற்றி, அதன் போக்கை உடலுக்கு வெளியிலிருந்தே படமெடுத்துப் பின்தொடரும் கலை எவ்வாறு பிறந்தது, எதனைக் காட்டிக்கொடுத்தது, எங்கே தவறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காந்தக்கல்லும் மருத்துவமும்

மருத்துவத்தில் காந்தத்திற்கு இடமுண்டு என்பது பழைய செய்தி. உடலில் தைத்த இரும்பு முனையைக் காந்தக்கல்லால் இழுத்து வெளியேற்றும் முறையைச் சுசுருத சம்ஹிதை குறிப்பிடுகிறது. கிரேக்க மருத்துவர்கள் அறிந்திருந்த இக்கல்லை அறபு மருந்தியல் நூல்கள் 'மக்னாத்தீஸ்' என்ற பெயரோடு தம் மருந்துப் பொருள்களின் வரிசையில் ஏற்றுக்கொண்டன. கண்ணில் தைத்த எஃகுச் சிதறலைக் காந்தத்தால் எடுத்த நிகழ்ச்சி பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இவை யாவும் உடலுக்குள் தவறிப் புகுந்த இரும்பை வெளியே இழுக்கும் வேலைகள். நாம் காணப்போகும் வரலாற்றில் வேலை தலைகீழாகிறது. இங்கே இரும்பு வேண்டுமென்றே உள்ளே அனுப்பப்படுகிறது. அதுவும் உடலின் மிகச் சிறிய அறையாகிய உயிரணுவினுள் அனுப்பப்படுகிறது. அதற்கு உயிரணு தன் வாயைத் திறக்க வேண்டும். உயிரணுவுக்கு வாய் உண்டா?

விழுங்கும் உயிரணு

உண்டு என்று காட்டியவர் ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிக்காஃப். 1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற உடல் கொண்ட விண்மீன் உயிரியின் இளங்குழவியினுள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார் அவர். மறுநாள் பார்த்தபோது நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்கு அந்நியமான பொருளை உயிரணு சூழ்ந்து விழுங்கித் தன்னுள் அடக்கிக்கொள்கிறது என்னும் பேருண்மை அங்கிருந்தே விரிந்தது. 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் பால் எர்லிக் என்பாரோடு பகிர்ந்துகொண்டார். இவ்வாறு விழுங்கும் இயல்புடைய உயிரணுக்களுள் பெரியவற்றுக்கு 'மாக்ரோஃபேஜ்' என்று பெயர், பெருவிழுங்கி எனலாம்.

விழுங்கிய இரும்பைக் கண்ணால் காணும் வழி அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் பெர்ல்ஸ் 1867-இல் வகுத்த சாய முறையில் திசுத் துண்டின் மீது உரிய கரைசலை இட்டால், இரும்பு உள்ள இடமெல்லாம் நீலமாக மாறும். அந்த நீலம் துணிக்கும் ஓவியத்துக்கும் பயன்பட்டுவந்த பிரஷ்ய நீலமே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உயிரணுவுக்குள் இரும்பு ஏறிவிட்டதா என்று உறுதிசெய்ய ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதே நீலத்தையே நாடுகின்றனர்.

உயிரணுவுக்குக் காந்தத் துகளை ஊட்டியவர்களுள் நாமறிந்த பெயர் ஒன்று உண்டு. பின்னாளில், 1953-இல், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் அவர். போருக்குப் பின் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த அவர், கேம்பிரிட்ஜ் நகரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஹியூஸ் என்பாரோடு சேர்ந்து, கோழிக் கருவிலிருந்து வளர்த்த உயிரணுக்களைக் காந்தத் துகள்களை விழுங்கச் செய்தார். பின் வெளியிலிருந்து காந்தத்தால் அத்துகள்களைத் திருப்பியும் இழுத்தும் உயிரணுவின் உட்பொருள் கூழா, நீர்மமா என்று ஆராய்ந்தார். அவ்வாய்வு 1950-இல் வெளியாயிற்று. உயிரணு காந்தத்தை விழுங்கியும் உயிரோடிருக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எனினும் அது உடலுக்கு வெளியே, உருப்பெருக்கியின் கீழே நடந்தது. உடலுக்குள்ளே பார்க்கும் கண் அன்று பிறக்கவில்லை.

காந்தமாகியும் காந்தமாகாத துகள்

சாதாரண இரும்புத் தூளை உடலுக்குள் செலுத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. காந்தத் துண்டுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். இரத்த நாளத்தினுள் அவ்வாறு கட்டியானால் நாளமே அடைபட்டுவிடும். இத்தடையைத் தீர்த்தது மிக நுண்ணிய அளவில் மட்டுமே தென்படும் இயற்கையின் ஒரு விந்தை.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். காந்தக்கல்லின் பொருளாகிய இரும்பு ஆக்ஸைடைப் பத்து நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கிவிட்டால், அறையின் சாதாரண வெப்பமே அத்துகளின் காந்தத் திசையை இடைவிடாது புரட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தனித்திருக்கும்போது அது காந்தம்போல் நடந்துகொள்வதில்லை, மற்றொன்றோடு ஒட்டுவதுமில்லை. வெளியிலிருந்து வலிய காந்தப் புலம் வந்தவுடன் துகள்கள் யாவும் ஒரே திசையில் திரும்பிப் பெருங்காந்தமாகின்றன. புலம் விலகியதும் மீண்டும் பழைய நிலை. இவ்வியல்புக்கு அடிப்படையான விளக்கத்தை 1949-இல் தந்தவர் பிரெஞ்சு இயற்பியலறிஞர் லூயி நேயல். காந்தவியலில் அவர் செய்த பணிக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய நுண்துகளின் மீது டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரை வகைப் போர்வையைப் போர்த்தினால் அது நீரில் மிதக்கும். 1978-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மூவர் இவ்வாறு போர்த்திய துகள், நீரின் அணுக்கருக்கள் தரும் காந்த ஒத்திசைவுக் குறிப்பைப் பெரிதும் மாற்றுவதைக் கண்டு எழுதினர்.

அதே காலத்தில் நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரில் ஜான் உகெல்ஸ்டாட் என்னும் வேதியியலறிஞர் வேறொரு திசையில் வெற்றி கண்டார். ஒரே அளவான பிளாஸ்டிக் நுண்மணிகளைச் செய்வதற்கு விண்வெளியின் எடையற்ற நிலை வேண்டும் என்று கருதப்பட்ட நாளில், அவர் அவற்றைப் பூமியிலேயே செய்தார். பின் அம்மணிகளில் இரும்பு ஆக்ஸைடை நிரப்பிக் காந்தமணிகளாக்கினார். 1984-இல் லண்டன் மருத்துவர்கள், புற்று நோயுற்ற குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து புற்றணுக்களை மட்டும் இம்மணிகளில் ஒட்டவைத்துக் காந்தத்தால் அகற்றிய செய்தியை வெளியிட்டனர். உயிரணுவுக்குக் காந்தத்தால் அடையாளமிடும் கலையில் இது ஒரு கிளை. உடலுக்கு வெளியே பிரித்தெடுக்கும் கிளை. உடலுக்குள்ளே பின்தொடரும் கிளைதான் நம் கட்டுரையின் பொருள்.

படத்தில் விழும் கருநிழல்

உடலுக்குள் பார்க்கும் கண், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்திசைவுப் படம். அணுக்கருக்களின் காந்த ஒத்திசைவைத் திரவத்திலும் திடப்பொருளிலும் 1946-இல் தனித்தனியே கண்டவர்கள் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவர். அதனைக்கொண்டு படம் வரையலாம் என்று 1973-இல் காட்டியவர் பால் லாட்டர்பர். அக்கலையைச் செம்மையாக்கியவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். இவ்விருவரும் 2003-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மருத்துவமனைகளில் பெரிதும் வழங்கும் 1.5 டெஸ்லா கருவியின் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலிமையுடையது. அப்புலத்தில் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போன்றது அது. ஒருமித்து ஒலிப்பதனாலேயே தெருக்கோடி வரை கேட்கிறது. இரும்புத் துகள் ஒன்று நடுவே வந்து நின்றால் அதன் தனிப் புலம் சுற்றியுள்ள கருக்களின் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, ஒப்பித்தல் வெறும் இரைச்சலாகி, வெளியில் நிற்பவருக்குச் சொல் எதுவும் கேட்பதில்லை. படத்தில் அந்த இடம் கறுத்துவிடுகிறது. துகளைவிட அதன் நிழல் பன்மடங்கு பெரிது என்பதே இதிலுள்ள நன்மை.

இந்நிழலை முதலில் பயன்படுத்திக்கொண்டது கல்லீரல் மருத்துவம். கல்லீரலில் 'குப்ஃபர்' எனப்படும் பெருவிழுங்கிகள் உண்டு. நாளத்தில் செலுத்திய இரும்புத் துகள்களை அவை ஆவலோடு விழுங்கும். நலமான கல்லீரல் படத்தில் கறுத்துவிடும். புற்றுக் கட்டியில் அவ்விழுங்கிகள் இல்லாமையால் கட்டி மட்டும் வெளுப்பாக எடுத்துத் தெரியும். பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் வளர்த்த இம்முறைக்குரிய 'ஃபெரிடெக்ஸ்' என்னும் மருந்தை 1996-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஏற்றது. செலுத்திய இரும்பு நாளடைவில் உடலின் சொந்த இரும்புக் கையிருப்போடு சேர்ந்துவிடுகிறது என்பது இதன் சிறப்பு. நஞ்சாகாத அடையாளம் ஒன்று மருத்துவரின் கைக்கு வந்துவிட்டது.

பசியற்ற உயிரணுக்கள்

பெருவிழுங்கிகள் கேளாமலே விழுங்குபவை. மருந்தாகப் பயன்படும் தண்டு உயிரணு, அதாவது ஸ்டெம் செல், அவ்வாறன்று. அதற்கு அந்தப் பசி இல்லை. அதனை இரும்பு உண்ணச் செய்வது எப்படி?

1999-இல் ஜெஃப் புல்ட்டே, இயன் டங்கன் முதலியோர் ஓர் உபாயம் கண்டனர். எல்லா உயிரணுக்களும் தம் தேவைக்கு இரும்பை உள்வாங்கும் தனி வாயில் ஒன்றை உடையன. அவ்வாயிலைப் பற்றிக்கொள்ளும் புரதத்தோடு துகளைப் பிணைத்தனர். வாயிற்காவலன் தன் வீட்டுச் சரக்கென்று எண்ணி உள்ளே விட்டான். நரம்பிழைகளின் மேலுறை அமையாத நோயோடு பிறந்த எலிகளின் தண்டுவடத்தில், இவ்வாறு அடையாளமிட்ட உயிரணுக்களைச் செலுத்தினர். பின்னர் எடுத்த படத்தில் கறுப்புப் படர்ந்த இடமும், திசுவைச் சாயமிட்டுப் பார்த்தபோது புதிய மேலுறை தோன்றியிருந்த இடமும் பொருந்தி வந்தன. இரும்பு பொய் சொல்லவில்லை என்று நிறுவிய தொடக்கக் காலச் சான்றுகளுள் இது தலையாயது.

2002-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மாத்தியாஸ் ஹோன் குழுவினர், மூளையின் ஒரு பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டுச் சிதைவுற்ற எலிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் நலமான மறுபக்கத்தில் அடையாளமிட்ட உயிரணுக்களை வைத்தனர். மூன்று வாரங்களுக்குள் அவை இரு பக்கங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் வழியே நடந்து சிதைவின் விளிம்பைச் சென்றடைந்தன. அந்த எலிகள் உயிரோடிருக்கும்போதே, அதே எலியை மீண்டும் மீண்டும் படமெடுத்து இதனைக் கண்டனர். முன்பெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எலியைக் கொன்று பார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

அடுத்த அடி எளிமையை நோக்கியது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஜோசஃப் ஃபிராங்க், அலி அர்பாப் முதலியோர் 2004-இல் ஃபெரிடெக்ஸோடு புரோட்டமின் சல்ஃபேட் என்னும் மருந்தைக் கலந்தனர். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்க மருத்துவமனைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து அது. இரண்டும் மனிதருக்குக் கொடுக்க ஏற்கனவே இசைவு பெற்றவை. இரண்டும் கூடியபோது தண்டு உயிரணு இரும்பை உண்டது.

அளவையும் சிறிது நோக்குவோம். ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறாக்கினால் வருவது ஒரு பிக்கோகிராம். அடையாளமிட்ட உயிரணு ஒன்று பொதுவாகப் பத்து முதல் இருபது பிக்கோகிராம் இரும்பைத் தாங்கும். நம் இரத்தத்தின் சிவப்பணு ஒன்றிலுள்ள இரும்போ பிக்கோகிராமில் பத்தில் ஒரு பங்கேயாகும். தன் அளவில் இது பெருஞ்சுமை. எனினும் பத்து இலட்சம் உயிரணுக்கள் சுமக்கும் இரும்பு மொத்தமும் பத்து முதல் இருபது மைக்ரோகிராமைத் தாண்டாது. உடலில் இயல்பாகவே மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கிறது.

நைமேகன் நகரில் கண்டது

இவ்வரலாற்றின் உச்சம் 2005-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் நைமேகன் நகரில் நிகழ்ந்தது. மெலனோமா என்பது கொடிய தோற்புற்று. அதற்கு எதிராக உடலின் காவற்படையைத் தூண்டும் ஒரு சிகிச்சையை யோலாண்டா டி விரீஸ், கார்ல் ஃபிக்டார் முதலியோர் ஆராய்ந்துவந்தனர். பகைவன் யார் என்று காவற்படைக்கு அறிவிக்கும் 'டெண்ட்ரைட்' உயிரணுக்களை நோயாளியிடமிருந்தே பெற்று, வெளியில் பயிற்றுவித்து, நிணநீர்க் கணுவினுள் ஊசியால் செலுத்துவது முறை. நிணநீர்க் கணு காவற்படையின் பாசறை. செய்தி அங்கே சென்று சேர்ந்தால்தான் படை கிளம்பும்.

எட்டு நோயாளிகளுக்கு இரும்பாலும், இண்டியம்-111 என்னும் கதிரியக்கப் பொருளாலும் அடையாளமிட்ட உயிரணுக்கள் செலுத்தப்பட்டன. ஊசி போட்டவர்கள் கைதேர்ந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டதுமன்று. அல்ட்ராசவுண்டு படத்தைப் பார்த்து வழி நடத்தியே போட்டார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது திடுக்கிடும் உண்மை ஒன்று தெரிந்தது. எண்மருள் நால்வருக்கு உயிரணுக்கள் கணுவினுள் இல்லை. சுற்றியிருந்த திசுவில் கிடந்தன.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். கதிரியக்கப் படம் உயிரணுக்கள் அப்பகுதியில் இருப்பதை மட்டுமே காட்டும். கணுவின் உள்ளேயா, அதன் வேலிக்கு வெளியேயா என்று பிரித்துக் காட்டும் நுட்பம் அதற்கில்லை. இரும்பின் நிழல் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பாதிப் பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லையென்றால், சிகிச்சை பயனற்றது என்று ஏட்டில் எழுதிவிடுவர். உண்மையில் அந்தப் பாதிப் பேருக்குச் சிகிச்சையே கொடுக்கப்படவில்லை. மருந்தின் தோல்வி வேறு. மருந்து சேராமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எத்தனை நல்ல மருந்துகள் கைவிடப்பட்டிருக்கலாம், எத்தனை நோயாளிகள் நம்பிக்கையிழந்திருக்கலாம் என்னும் கேள்வி அன்று எழுந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

அவ்வாய்வில் மகிழ்ச்சியான செய்தியும் இருந்தது. கணுவினுள் சரியாகச் சேர்ந்த உயிரணுக்கள் அங்கிருந்து அடுத்தடுத்த கணுக்களுக்குப் பயணம் சென்றதையும் படம் காட்டியது. 2006-இல் ஷாங்காய் மருத்துவர்கள், மூளையில் திறந்த காயமுற்ற ஒருவருடைய சொந்த நரம்புத் தண்டு உயிரணுக்களுக்கு அடையாளமிட்டு, அவை காயத்தின் விளிம்பை நோக்கி நகர்ந்ததைப் பதிவுசெய்தனர். 2008-இல் ஜெனீவாவில், நீரிழிவு நோயாளிகள் நால்வருக்குச் செலுத்திய கணையத் தீவுகள் அவ்வாறே படமெடுக்கப்பட்டன.

சாட்சியின் குறை

சாட்சியை ஏற்பதற்கு முன் குறுக்கு விசாரணை செய்வது நீதிமன்ற மரபு. இரும்பும் அவ்விசாரணைக்குத் தப்பவில்லை.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது இரும்பும் பங்காகிறது. நான்கு தலைமுறையில் பதினாறில் ஒரு பங்கு; சில தலைமுறையில் நிழலே மறைந்துவிடும். உயிரணுக்கள் பெருகி வாழ்ந்துகொண்டிருக்கும்போதே படம் அவற்றை இல்லையென்று கூறிவிடக்கூடும்.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கடுமையானது. செலுத்திய உயிரணு இறந்துபோனால் இரும்பு இறப்பதில்லை. அருகிலுள்ள பெருவிழுங்கி வந்து இறந்த உடலையும் இரும்பையும் சேர்த்து விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. படத்தில் நிழல் முன்போலவே தெரிகிறது. 2007-இலும் 2008-இலும் எலிகளின் இதயத்தில் நடந்த ஆய்வுகள் இதனை ஐயமின்றிக் காட்டின. மாரடைப்பால் சேதமுற்ற தசையில் வைத்த தண்டு உயிரணுக்கள் அழிந்துபோன பின்னும் எம்.ஆர்.ஐ. அவை இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது; திசுவைச் சோதித்தபோது இரும்பு பெருவிழுங்கிகளிடம் இருந்தது. ஒருவர் அணிந்திருந்த மோதிரம் மற்றொருவர் விரலில் இருப்பதைத் தொலைவிலிருந்து பார்த்து, அவர் நலமாயிருக்கிறார் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புவது போன்றது இது.

இரத்தக் கசிவிலிருந்து மிஞ்சும் இரும்பும் படத்தில் அதே கறுப்பைத் தருகிறது. மேலும், 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, இரும்பேற்றிய தண்டு உயிரணுக்கள் கொழுப்பாகவும் எலும்பாகவும் மாறினும் குருத்தெலும்பாக மாறத் தவறுகின்றன என்றது. வேறு முறையில் ஏற்றினால் அத்தடை இல்லை என்று பிறிதோர் ஆய்வு மறுத்தது. அடையாளமே அடையாளமிடப்பட்டதை மாற்றிவிடலாகாது என்னும் எச்சரிக்கை இதனால் துறைக்குக் கிடைத்தது.

ஆக, இரும்பு சொல்வது இரும்பைப் பற்றியே. ஊசி போட்ட முதல் நாளில், 'உயிரணுக்கள் இங்கே வைக்கப்பட்டன' என்று அது சொல்லும்போது நம்பலாம். நான்கு வாரம் கழித்து, 'அவை இங்கே வாழ்கின்றன' என்று அதன் வாயிலிருந்து நாமே வருவித்துக்கொண்டால் தவறு இரும்பினுடையதன்று.

கடையிலிருந்து மறைந்த மருந்து

விஞ்ஞானம் இவ்வாறு தன் கருவியின் எல்லையை அறிந்துகொண்டிருந்த வேளையில் வணிகம் வேறொரு முடிவை எடுத்தது. கல்லீரல் படத்துக்கு கடோலினியம் சார்ந்த மருந்துகள் செல்வாக்குப் பெற்றிருந்தன. இரும்பு மருந்துகளின் விற்பனை சிறிதாயிருந்தது. ஃபெரிடெக்ஸின் தயாரிப்பு 2008-இல் நின்றது. அதனை ஒத்த 'ரெஸோவிஸ்ட்' என்னும் மருந்தும் 2009-இல் ஜப்பான் நீங்கலாகப் பிற சந்தைகளிலிருந்து விலகியது. உயிரணுவைப் பின்தொடரும் ஆராய்ச்சி முழுவதும் கல்லீரலுக்காகச் செய்த மருந்தின் தோளில் ஏறி வந்ததாகும். தோள் விலகியதும் மனிதரிடம் நடந்த ஆய்வுகள் தளர்ந்தன.

அதே 2009-இல், நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கென 'ஃபெருமாக்ஸிட்டால்' என்னும் இரும்பு மருந்து அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதுவும் நுண்துகளே. ஆனால் உயிரணுக்கள் அதனை எளிதில் உண்ணவில்லை. ஃபிராங்க் குழுவினர் 2012-இல் ஹெப்பாரின், புரோட்டமின், ஃபெருமாக்ஸிட்டால் ஆகிய மூன்றையும் கலந்தபோது அவை தாமே திரண்டு நுண்திரளாகி உயிரணுவுக்குள் சென்றன. மருந்தகத்தின் அலமாரியில் கிடைக்கும் மூன்று மருந்துகளைக்கொண்டு இழந்த வழியை மீட்ட அந்தச் சிக்கனமும் பொறுமையும் பாராட்டுக்குரியன. அம்மருந்தும் குற்றமற்றதன்று. நாளத்தில் செலுத்தும்போது சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை நேர்ந்ததால் 2015-இல் அதற்குக் கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது.

புதிய கண்களும் தோன்றின. ஹாம்பர்க் நகரின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளைக், வைசனெக்கர் என்னும் இருவர் 2005-இல் காந்தத் துகட் படம் என்னும் புதிய முறையை வெளியிட்டனர். இதில் நீரின் குரல் கேட்கப்படுவதில்லை. துகளின் குரல் மட்டுமே கேட்கப்படுகிறது. ஆகவே படத்தில் கருநிழலுக்குப் பதில் ஒளிப்புள்ளி தெரிகிறது. அவ்வொளியின் அளவைக்கொண்டு இரும்பின் அளவைக் கணக்கிடவும் முடிகிறது. 2009-இல் துடிக்கும் எலி இதயத்தை அவ்வாறு படமெடுத்தனர். அதே 2005-இல், இரும்புக்குப் பதில் ஃபுளோரினால் அடையாளமிடும் முறையை எரிக் ஆரன்ஸ் குழுவினர் வெளியிட்டனர்; 2014-இல் அது புற்று நோயாளிகளிடம் முதன்முறையாகச் செய்து பார்க்கப்பட்டது. உயிரணு தானே இரும்பைச் சேர்த்துவைக்கும் வண்ணம் அதன் மரபை மாற்றிவிட்டால், அது பிரியும்போதும் அடையாளம் தேயாது என்னும் எண்ணமும் ஆராயப்படுகிறது. இயற்கையில் அதற்கு முன்மாதிரி உண்டு. தன்னுள்ளேயே காந்தமணிகளைக் கோத்துவைத்துப் பூமியின் காந்தத் திசையில் நீந்தும் பாக்டீரியாவை 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் உலகுக்கு அறிவித்தார்.

எஞ்சியிருக்கும் கேள்வி

உயிரணுவை மருந்தாக விற்கும் கடைகள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. முடக்குவாதம், மூளை வளர்ச்சிக் குறை, மூட்டு நோய் என்று எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் என விளம்பரம் செய்யப்படுகிறது. சொத்தை விற்றுப் பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டின் நெறிமுறையில், இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு ஏற்கப்பட்ட மாற்றுச் சிகிச்சையைத் தவிர, பிற ஸ்டெம் செல் சிகிச்சை எதனையும் முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கலாகாது என்று வரையறுத்தது. வரையறை ஏன் வேண்டியிருந்தது என்பதை நைமேகன் நகரின் எட்டு நோயாளிகள் நமக்கு விளக்குகின்றனர். தேர்ந்த கையும், வழிகாட்டும் படமும், நேர்மையான நோக்கமும் கூடியிருந்த இடத்திலேயே பாதி ஊசிகள் குறி தவறின. பார்க்கும் எண்ணமே இல்லாதவரின் ஊசி எங்கே சென்றிருக்கும்?

இரும்புத் துகள் நோயைத் தீர்ப்பதில்லை. உயிரணுவுக்கு வலிமை சேர்ப்பதுமில்லை. தான் இருக்கும் இடத்தைச் சொல்வது ஒன்றே அதன் தொழில். அந்தச் சிறு தொழிலின் அருமையை மருத்துவ உலகம் எட்டுப் பேரிடம் உணர்ந்தது. அதன் எல்லையையும் எலியின் இதயத்தில் உணர்ந்தது. நோயாளியாகச் செல்லும் நாமும், 'இது குணப்படுத்துமா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'கொடுத்தது சென்று சேர்ந்தது என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்கப் பழக வேண்டும். நேர்மையான மருத்துவர் அக்கேள்விக்கு வருந்தமாட்டார். அவர் தமக்குத் தாமே என்றும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.